ஒரு ஸ்டட்டைப் பிடுங்க ஆளில்லை

சுண்டு விரல் கனம்கூட இல்லாத ஒரு ஸ்டட். பழைய மொபெட்டோட இன்ஜினை ஃபிரேமில் பிடிச்சு நிறுத்துற சாமான். அது உடைஞ்சு, பாதி கிராங்க் கேஸுக்குள்ளேயே மாட்டிக்கிச்சு. அதை ஒழுங்கா வெளியே எடுத்துக் கொடுக்க திருமுல்லைவாயிலில் ஒரு ஆள் கிடைக்கலைங்க.

இது எந்த ஊருன்னு யோசிச்சுப் பாருங்க. கிழக்கே அம்பத்தூர் எஸ்டேட், 1960-கள்லேர்ந்து லேத் ஓடுற இடம். 1949-ல தொடங்கின டி.ஐ. சைக்கிள்ஸ் அதுக்கும் முன்னாடியே அம்பத்தூருக்கு வந்தாச்சு. மேற்கே ஆவடி, 1965-ல விஜயந்தா டாங்கி செஞ்சு வெளியே அனுப்பின ஊர். ஊருக்குள்ளேயே பெண்களுக்குன்னு ஒரு சிட்கோ தொழிற்பேட்டை. டாங்கி செய்யற கைகளுக்கு நடுவுல உட்கார்ந்துக்கிட்டு ஒரு உடைஞ்ச ஸ்டட்டுக்கு அலையறோம்னா வயிறு எரியாதா?

முதல் மெக்கானிக் குனிஞ்சுகூடப் பார்க்கலை. "கேஸையே மாத்திடுங்க சார்." அந்த வண்டிக்கு கேஸ் எங்கே கிடைக்கும்னு கேட்டா, "அப்ப வண்டியையே மாத்திடுங்க." அடுத்தவர் இன்னும் ஒரு படி மேலே. பிராக்கெட்டை ஃபிரேமோட வெல்டிங் வச்சிடலாமாம். பெட்ரோல் டேங்க் வண்டியிலேயே இருக்கு, அவர் ராடை எடுக்கறார்! வெல்டிங் வச்சுட்டா நாளைக்கு இன்ஜினை எப்படி இறக்கறதுன்னு கேட்டதுக்கு பதிலே இல்லை. நாளைக்குன்னு ஒண்ணை யாரும் நினைக்கிறதாவே தெரியலை.

உடைஞ்ச துண்டை ஒருத்தராவது கையில வாங்கிப் பார்த்திருக்கணும். முறிஞ்ச முகத்துல முக்கால்வாசி கறுத்து, எண்ணெய் ஊறிக் கிடந்துச்சு. ஒரு ஓரம் மட்டும் புதுசா, பொடிப்பொடியா மின்னுச்சு. இதுக்கு என்ன அர்த்தம்? ஸ்டட் அன்னைக்கு உடையலை. நட்டு எப்பவோ லூசாகி, இன்ஜின் ஆடி ஆடி, விரிசல் கொஞ்சம் கொஞ்சமா உள்ளே போயிருக்கு. மிச்சமிருந்த அந்த ஓரம்தான் கடைசியா போச்சு. அதுக்கு முன்னாடி சர்வீஸ் செஞ்சவர் ஒரு ஸ்பானரை வச்சு அந்த நட்டைத் தொட்டிருந்தா இந்தக் கதையே கிடையாது. நம்ம சி.டி.எச். ரோடு, அதான் சென்னை-திருவள்ளூர் ஹை ரோடு, வேற இருக்கே! பாடியிலேர்ந்து திருநின்றவூர் வரைக்கும் அகலப்படுத்தறாங்கன்னு வருஷக்கணக்கா கேட்டுக்கிட்டிருக்கோம். பள்ளத்துக்குப் பள்ளம் குலுங்கற வண்டியில எந்த நட்டு நிக்கும்?

சரி, எடுக்கற வேலை என்ன ராக்கெட் வேலையா? ரஸ்ட் ஆயிலை ஊத்தி ஒரு ராத்திரி ஊற விடணும். கேஸை மெதுவா சூடு காட்டணும். ஒரே சூட்டுக்கு அலுமினியம் இரும்பைவிட ஏறக்குறைய ரெண்டு மடங்கு விரியும், பிடி தளரும். வெளியே கொஞ்சம் நீட்டிக்கிட்டு இருந்தா மேலே ஒரு நட்டை வச்சு வெல்ட் பண்ணித் திருப்பலாம். உள்ளேயே முறிஞ்சிருந்தா நடு மையத்துல பஞ்ச் அடிச்சு, டிரில் போட்டு, அந்த ஓட்டையில ஈஸி அவுட்டை விட்டுத் திருப்பி எடுக்கணும். மையம்தான் உயிர். டிரில் ஓரமா இறங்கிடுச்சுன்னா அலுமினியத்துல இருக்கற மரையைத் தின்னுடும். என் வண்டியில அதுதான் நடந்துச்சு. வேலையை ஒத்துக்கிட்ட ஒரு கடையில கை டிரில்லை வச்சு, பஞ்ச்கூட அடிக்காம, ஒரே அழுத்து! அதுக்கு மேல ஈஸி அவுட்டை முரட்டுத்தனமா திருப்பி, அதையும் உள்ளேயே உடைச்சுட்டாங்க. அது கடினமாக்கின எஃகு, சாதாரண டிரில் பிட் அதைத் தொடாது. ஸ்பார்க் எரோஷன் மெஷின்ல வச்சு அரிச்சுத்தான் எடுக்கணும்.

எஸ்டேட்டுல அந்த மெஷின் இருக்கு, இல்லைன்னு சொல்லலை. ஆனா ஒத்தைப் பீஸுக்கு யார் மெஷினை நிறுத்துவா? "ஐநூறு பீஸ் ஆர்டர் இருந்தா வாங்க"ன்னாங்க. அவங்களையும் குத்தம் சொல்ல முடியலை, வாடகை, கரன்ட் பில், சம்பளம் எல்லாம் அந்த ஐநூறு பீஸுலேர்ந்துதானே வரணும். ஆனா தண்ணி கேன், பூக்கூடை, இட்லி மாவுன்னு மொபெட்டை வச்சே பிழைக்கறவங்க எத்தனை பேர் இந்தப் பக்கம்! அவங்க வண்டி நின்னா அன்னைக்குச் சம்பாத்தியம் நின்னுச்சு. அவங்க ஐநூறு பீஸுக்கு எங்கே போவாங்க?

கடைசியில தனியா ஒத்தை லேத் வச்சிருக்கற ஒரு பெரியவர் இரக்கப்பட்டார். தெரிஞ்ச இடத்துல சொல்லி, உடைஞ்சதை அரிச்சு எடுத்து, ஓட்டையைப் பெருசாக்கி, ஹெலிகாயில் போட்டுக் கொடுத்தார். எஃகுக் கம்பிச் சுருள்தான் அது. அலுமினியத்துல இருந்த பழைய மரையைவிட உறுதியா நிக்கும். மத்த ஸ்டட்டும் இத்தனை நாள் சேர்ந்து ஆடினதுதான், எல்லாத்தையும் மாத்துன்னு அவரே சொன்னார். கடையில புது ஸ்டட் கேட்டா, அதோட உறுதி 8.8 கிரேடான்னு சொல்லத் தெரியலை. "எல்லாம் ஒண்ணுதான் சார், போட்டு முறுக்குங்க."

இன்ஜினை ஏத்திக் கட்டுறப்போ டார்க் ரெஞ்ச் இருக்கான்னு மெக்கானிக் கடையில கேட்டேன். எதுக்கு சார் அதெல்லாம், முப்பது வருஷமா கைக்கணக்குதான்னாங்க. அந்தக் கைக்கணக்குலதானேய்யா நட்டு லூசாச்சு?