காலர் மைக் ஒயர் அறுந்தால் செட்டையே மாற்றுவதா?

கொஞ்சம் நீளமான பதிவு, கொஞ்சம் கோபமான பதிவும்கூட. பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

பள்ளிக்குப் புது வயர்லெஸ் மைக் செட் வாங்க நன்கொடை கேட்டு நம் குழுவில் செய்தி வந்தது. விசாரித்தேன். போயிருப்பது காலர் மைக். அதிலும் ஒயர் நுழைகிற இடத்தில் அறுந்திருக்கிறது, அவ்வளவுதான். இடுப்பில் சொருகும் டிரான்ஸ்மிட்டர் நன்றாக இருக்கிறது, ரிசீவரும் நன்றாக இருக்கிறது. "இந்த மாடலுக்கு மைக் தனியாக வராது, வேறு மைக் போட்டால் டிரான்ஸ்மிட்டர் புகைந்துவிடும்" என்று கடைக்காரர் சொன்னாராம். அவர் வியாபாரி, சொல்லத்தான் செய்வார். நம்பியது யார்? பிளஸ் டூவில் மின்தேக்கிக் கேள்விக்குப் படம் போட்டு முழு மதிப்பெண் வாங்கியவர்கள்! அதில் மூன்று பேர் எலக்ட்ரானிக்ஸ் இன்ஜினியர்கள்!

அந்த மைக்குக்குள் இருப்பது நீங்கள் படித்த அதே மின்தேக்கிதான். ஒரு தகடு, அதன் எதிரே மெல்லிய படலம். ஒலி பட்டுப் படலம் அதிரும்போது இடைவெளி மாறுகிறது, மின்தேக்குத்திறன் மாறுகிறது, மின்னழுத்தம் மாறுகிறது. மின்னூட்டம் எங்கிருந்து வருகிறது? டெஃப்லான் போன்ற பொருளில் நிரந்தரமாக ஏற்றி வைத்துவிடுகிறார்கள். அதற்குப் பெயர்தான் எலக்ட்ரெட். 1962இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கெர்ஹார்ட் செஸ்லரும் ஜேம்ஸ் வெஸ்ட்டும் செய்த வேலை. வெஸ்ட் சின்னப் பையனாக இருந்தபோதே பழைய ரேடியோவை நோண்டியவர். அவரிடம் யாரும் "கம்பெனி மைக்தான் போடணும் தம்பி" என்று சொல்லவில்லை போலிருக்கிறது.

அவ்வளவு சிறிய மின்தேக்கியின் சிக்னல் நீள ஒயரில் தாங்காது. அதனால் காப்ஸ்யூலுக்குள்ளேயே ஒரு எஃப்.இ.டி. டிரான்சிஸ்டர் வைத்திருக்கிறார்கள். மின்சாரம் கேட்பது அதுதான். சில வோல்ட், அரை மில்லிஆம்பியர் அளவு. டிரான்ஸ்மிட்டர் அதைத் தானே கொடுக்கிறது. பல டப்பாக்களில் ஒரு மின்தடை வழியாக, ஆடியோ வரும் அதே கம்பியிலேயே கொடுக்கிறது. இதில் புகைவதற்கு என்ன இருக்கிறது?

பிறகு ஏன் வேறு மைக் வேலை செய்வதில்லை? பின் மாறுவதால். ஷூர் நான்கு முனை, ஏகேஜி மூன்று முனை, சென்ஹைசரில் திருகு வைத்த 3.5 மி.மீ. வீட்டுக்குள் இருப்பது ஒரே தத்துவம், வாசலில் தொங்கும் பூட்டு மட்டும் வேறு வேறு. செல்போன் காலர் மைக்கைச் சொருகிப் பார்த்து "செத்துப்போச்சு சார்" என்கிறவர்களும் உண்டு. செல்போன் பின்னில் மைக் இணைப்பு இருப்பது ஒயரை ஒட்டிய கடைசிப் பகுதியில். டிரான்ஸ்மிட்டருக்கோ அந்த இடம் எர்த். மைக் சாகவில்லை, எர்த்தோடு எர்த் சேர்ந்து சும்மா உட்கார்ந்திருக்கிறது.

"சில ஆயிரம் ரூபாய்தானே சார், நாங்களே போட்டுவிடுகிறோம்" என்று ஒருவர் எழுதியிருந்தார். நல்ல மனசு. ஆனால் புது செட்டின் ஒயரும் ஒரு நாள் அறும், அன்றைக்கும் நீங்கள் இருப்பீர்களா? அதுவரை அறுபது பிள்ளைகளுக்கு முன்னால் கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போவது அங்கே இருக்கிற டீச்சருக்கு. செட் பீரோவில் தூங்கும். கடையில் "கண்டென்சர் மைக்" என்று கேட்டால் 10, 20 ரூபாய்க்குக் கொடுப்பார்கள். அதை மாற்ற அந்தப் பள்ளியில் ஒரு பையனுக்குத் தெரிந்திருந்தால் போதும்.

எல்லாவற்றுக்கும் இதுதான் என்று சொல்லவில்லை. கச்சேரிக்கு நல்ல மைக்கே வேண்டும். மலிவு காப்ஸ்யூலில் இரைச்சல் இருக்கும், வியர்வையும் தாங்காது. வகுப்பறைக்கும் கோயில் சொற்பொழிவுக்கும் தாராளமாகப் போதும்.

செய்யப் போகிறவர்கள் முதலில் மல்டிமீட்டரை எடுங்கள். டிரான்ஸ்மிட்டரின் எந்த முனையில் வோல்ட் வருகிறது என்று பாருங்கள். ஆடியோ முனையிலேயே வந்தால் இரண்டு கம்பி போதும். தனி முனையில் வந்தால் அந்த மாடலின் வயரிங் படத்தைப் பார்க்காமல் கை வைக்கக் கூடாது. காப்ஸ்யூலில் உலோகக் கூட்டோடு சேர்ந்திருக்கும் புள்ளிதான் எர்த். சால்டரிங் அயர்னை இரண்டு வினாடிக்கு மேல் வைக்காதீர்கள், சூடு ஏறினால் உள்ளே கெட்டுவிடும். ஷீல்டு ஒயரே போடுங்கள். அப்படியும் டிரான்ஸ்மிட்டரின் அலை புகுந்து உர்ரென்றால் காப்ஸ்யூலின் இரு புள்ளிகளுக்கும் குறுக்கே 100 பிகோஃபாரட் மின்தேக்கி ஒன்றைப் பற்ற வையுங்கள். ஒயருக்கு உள்பக்கம் ஒரு முடிச்சு கட்டாயம், இழுபடுவது பற்றவைப்பாக இருக்கக் கூடாது.

மல்டிமீட்டர் இல்லாதவர்கள் ஞாயிற்றுக்கிழமை காலை வீட்டுக்கு வரலாம். அறுந்த மைக்கையும் டப்பாவையும் கையோடு கொண்டு வாருங்கள், பேட்டரியையும் மறந்துவிடாதீர்கள்.