ஆர்டர் போய்விடும் என்ற பூச்சாண்டி

ஜெர்மனியின் விநியோகச் சங்கிலிச் சட்டத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் அங்குள்ள தொழில் சங்கங்களும் இங்குள்ள ஏற்றுமதியாளர் பலரும் ஒரே பல்லவியைத்தான் பாடுகிறார்கள். மனித உரிமை, சுற்றுச்சூழல் என்று சட்டம் போட்டு நெருக்கினால் பெரிய கம்பெனிகள் ஏழை நாடுகளை விட்டே போய்விடும். கடைசியில் வேலை இழப்பது தொழிலாளிதான் என்கிறார்கள். கூலி உயர்வு கேட்கும்போது காணாமல் போகும் இந்தக் கரிசனத்தைக் கொஞ்சம் உரசிப் பார்க்க வேண்டும்.

கம்பெனிகளை ஓடச் சொல்கிறதா அந்தச் சட்டம்? 2023-இல் நடைமுறைக்கு வந்தபோது ஜெர்மனியில் 3,000 பேருக்கு மேல் வேலை செய்யும் நிறுவனங்களுக்கு அது பொருந்தியது; மறு ஆண்டு வரம்பு 1,000 ஆனது. தமக்குச் சரக்குக் கொடுக்கும் ஆலையில் குழந்தை உழைப்போ கொத்தடிமையோ உண்டா, கழிவு எங்கே போகிறது என்று பார்க்க வேண்டும், தவறு இருந்தால் திருத்தவைக்க வேண்டும் என்பதே அதன் சாரம். உறவை முறிப்பது கடைசி வழி. மீறல் மிகக் கடுமையாக இருந்து, வேறு எதுவும் பலிக்காதபோது மட்டுமே என்று சட்டமே எழுதி வைத்திருக்கிறது. சட்டத்தைக் காரணம் காட்டி ஆர்டரை வெட்டும் கம்பெனி, அதன் பிரிவுகளைப் படிக்கவில்லை, அல்லது படித்துவிட்டு மறைக்கிறது.

வாங்குபவரைச் சட்டப்படி கட்டிப்போட்டால் என்ன ஆகும் என்பதற்கு நம் பக்கத்திலேயே சான்று இருக்கிறது. 2021 ஜனவரியில் திண்டுக்கல் மாவட்டத்து ஏற்றுமதி ஆலை ஒன்றில் வேலை பார்த்த இளம் தலித் பெண் கொல்லப்பட்டார். அங்கே இருந்த சூப்பர்வைசர் ஒருவர் கைதானார். அதன் பிறகே மற்ற பெண்கள் தங்களுக்கு நேர்ந்த தொந்தரவுகளை வெளியே சொன்னார்கள். வெளிநாட்டு பையர்களுக்குச் சரக்கு அனுப்பிய ஆலை அது. அத்தனை நாளும் எந்த பையர் காதிலும் இது விழவில்லை. 2022 ஏப்ரலில் தலித் பெண்கள் முன்னின்று நடத்தும் தொழிற்சங்கத்துக்கும் ஆலையை நடத்திய ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸுக்கும் ஒப்பந்தம் ஆனது. பையர்களில் எச் அண்ட் எம் தனியாகக் கையெழுத்திட்டது; கேப்பும் பிவிஎச்சும் பின்னால் வந்தன. ஆலை ஒப்பந்தத்தை மீறினால் பையர் வணிகரீதியாக நடவடிக்கை எடுத்தே ஆக வேண்டும் என்பதுதான் அதன் முதுகெலும்பு.

அந்த ஜூலை இறுதியில் கட்டாய உழைப்புப் புகாரின்பேரில் அமெரிக்கச் சுங்கத் துறை அந்த ஆலையின் சரக்கைத் தடுத்தது. பூச்சாண்டி சொல்லும் கதைப்படி எல்லாம் அங்கேயே முடிந்திருக்க வேண்டும். ஆனால் செப்டம்பரிலேயே தடை நீங்கியது. நிலைமையைச் சரிசெய்ததற்குக் காட்ட ஆதாரம் இருந்தது; அந்த ஆதாரத்தை உண்டாக்கியது ஒப்பந்தம். கதவை மறுபடி திறக்க உதவியதைத்தான் கதவை அடைப்பது என்கிறார்கள்.

அடுத்த வாதம்: ஆடிட் இருக்கிறதே, சான்றிதழ் இருக்கிறதே, சட்டம் எதற்கு? கராச்சியின் அலி என்டர்பிரைசஸ் ஆலைக்கும் சான்றிதழ் இருந்தது. எஸ்ஏ 8000 என்ற உலகப் பேர்பெற்ற சான்று, கையில் வந்து சில வாரம்தான் ஆகியிருந்தது. 2012 செப்டம்பர் 11 அன்று தீப்பிடித்தது. ஜன்னலில் கம்பி, வாசலில் பூட்டு. 250-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஏழு மாதத்தில் டாக்காவுக்கு அருகே ரானா பிளாசா இடிந்து 1,100-க்கும் மேற்பட்டோர் போனார்கள். அந்தக் கட்டடத்துக்குள் இயங்கிய கம்பெனிகளிலும் ஆடிட்டர்கள் வந்து போயிருந்தார்கள். கட்டடத்தின் உறுதி எங்கள் பட்டியலில் இல்லை என்று பிற்பாடு விளக்கம் வந்தது. பிரேசிலின் புருமாடின்யோவில் 2019 ஜனவரியில் உடைந்து சுமார் 270 உயிரை விழுங்கிய சுரங்கக் கழிவு அணைக்கும் முந்தைய ஆண்டில்தான் 'உறுதியாக இருக்கிறது' என்று ஒரு ஜெர்மன் நிறுவனத்தின் பிரேசில் கிளை சான்று கொடுத்திருந்தது. சான்றுக்குக் காசு கொடுப்பவர் யார் என்று கேட்டால் போதும், மிச்சம் புரிந்துவிடும்.

தானாகத் திருந்துவார்கள் என்ற நம்பிக்கையை ஜெர்மன் அரசே சோதித்துப் பார்த்துவிட்டது. 500 பேருக்கு மேல் வேலைக்கு வைத்திருக்கும் நிறுவனங்களில் பாதியாவது 2020-க்குள் மனித உரிமைக் கவனத்தைத் தம் நடைமுறையில் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று 2016-இல் இலக்கு வைத்தது. தேறியவை 13 முதல் 17 விழுக்காடு. அதற்குப் பிறகே சட்டம் பிறந்தது. 'அவகாசம் கொடுங்கள்' என்பவர்கள் இந்தக் கணக்கை மட்டும் சொல்வதே இல்லை.

ஒவ்வொரு நூலையும் எப்படிக் கண்காணிப்பது என்கிறார்கள். யாரும் கேட்கவில்லை. சட்டம் விதிப்பது முயற்சிக் கடமை. ஆபத்து எங்கே அதிகமோ அங்கே முதலில் பார் என்பதுதான். நேரடி சப்ளையரைத் தாண்டிப் போக வேண்டியது, தவறு நடப்பதற்குக் கையில் தடயம் கிடைத்தால் மட்டும். பருத்தியின் தரத்தை இழை இழையாக அறியத் தெரிந்தவர்களுக்கு இது எட்டாத வித்தை அல்ல.

செலவு சிறு ஆலைகளின் தலையில் விழுகிறது என்ற புகார் மட்டும் பொய்யில்லை. நூறு கேள்வி கொண்ட படிவத்தை அனுப்பி, 'எங்கள் சங்கிலியில் தவறே இல்லை' என்று ஜாப் ஒர்க் செய்பவரிடம் கையெழுத்து வாங்கிக்கொள்கிறார்கள். விலையோ ஒரு காசு ஏறுவதில்லை. ஆனால் இது சட்டத்தின் வேலை அல்ல, சட்டத்திலிருந்து நழுவும் வேலை. கடமையை அப்படியே சப்ளையர் மேல் தள்ளிவிடக் கூடாது என்று அதைக் கண்காணிக்கும் ஜெர்மன் அலுவலகமே சொல்லியிருக்கிறது. சிறு ஆலைக்காரர் கோபப்பட வேண்டியது விலையை நெரிக்கும் பையரிடம்.

பயமுறுத்தும் அளவுக்கு இந்தச் சட்டத்துக்குப் பல்லும் இல்லை. கராச்சித் தீயில் பாதிக்கப்பட்ட நான்கு பேர், அந்த ஆலையின் முக்கிய வாடிக்கையாளரான கிக் நிறுவனத்தின் மீது ஜெர்மனியின் டார்ட்முண்ட் நீதிமன்றத்தில் ஆளுக்கு 30,000 யூரோ கேட்டு வழக்குப் போட்டார்கள். 2019-இல் அது தள்ளுபடியானது. கிக் குற்றமற்றது என்பதால் அல்ல, பாகிஸ்தான் சட்டப்படி காலக்கெடு கடந்துவிட்டது என்பதால். பிறகு வந்த ஜெர்மன் சட்டமும், அதை மீறினால் நஷ்டஈடு கேட்கலாம் என்ற உரிமையைத் தரவில்லை. இதே நோக்கம் கொண்ட ஐரோப்பிய ஒன்றியத்தின் 2024 நெறியாணையில் அதற்கு இடம் இருந்தது. 2025 டிசம்பரில் அந்தப் பிரிவை எடுத்துவிட்டு, வரம்பையும் 5,000 ஊழியர், 150 கோடி யூரோ விற்றுமுதல் என்று உயர்த்த ஒப்புக்கொண்டார்கள்.