முதியோர் இல்லத்தை மதிப்பிடுவது எங்ஙனம்?

இருபது வயதும் நிரம்பப் பெறாத மாணாக்கர் ஒருவர் முதியோர் இல்லங்களைப் பற்றி எழுதப் புகுவது சிலர்க்கு நகை விளைக்கக்கூடும். ஆயினும், தளர்ந்துபோன பாட்டனாரையும் பாட்டியாரையும் யார் பார்த்துக்கொள்வது என்னும் வினா இன்று நம்மிற் பலருடைய வீடுகளில் எழுந்துவிட்டது. தூத்துக்குடியிலும் அதனை அடுத்த கடற்கரை ஊர்களிலும் பிறந்த ஆடவர் பலர் கப்பல்களிலும் வளைகுடா நாடுகளிலும் தொழில் புரிகின்றனர். பெண்டிரும் அலுவல் நாடி வெளியூர் செல்கின்றனர். பெற்றோரை இல்லத்தில் விடுதல் தகுமா, தகாதா என்னும் வழக்கை ஈண்டு நாம் எடுத்துக்கொள்ளவில்லை. விடுவதென்று துணிந்தபின், அவ்வில்லம் நல்லதா, தீயதா என்று அறிவது எவ்வாறு என்பதே நாம் ஆராயும் பொருள்.

பெரும்பாலோர் இல்லத்தின் வாயிலைக் கண்டே மனநிறைவு அடைந்துவிடுகின்றனர். பளபளக்கும் தரை, பூந்தொட்டிகள், நிறுவியவரின் நற்பெயர், பெருந்தொகையான மாதக் கட்டணம் ஆகிய இவையே அவர்க்கு அளவுகோல்கள். நம் கடற்கரை முன்னோர் முத்தை இங்ஙனம் மதிப்பிட்டாரல்லர். இங்கு முத்துச் சலாபம் 1961-ஆம் ஆண்டோடு நின்றுபோயிற்று. அது நடந்த காலத்தில், கடலின் மேற்பரப்பைப் பார்த்து எவரும் சலாபம் கூறியதில்லை. பாரினின்று சிப்பிகளை எடுப்பித்து, அவற்றிற் கிடைத்த முத்துக்களை எண்ணி மதிப்பிட்ட பின்னரே முடிவு செய்வர். முத்துக்கு வேண்டிய அத்துணைக் கவனம் பெற்ற தாய்க்கு வேண்டாவோ?

மேற்பார்வையாற் கண்டு திரும்புதல் எத்துணைக் கேடு விளைக்கும் என்பதற்கு நம் மன்னார் வளைகுடாக் கரையிலேயே ஒரு துயரச் சான்று உண்டு. இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில், மனநோயாளரைத் தங்கவைத்திருந்த தனியார் இல்லம் ஒன்றில், 2001-ஆம் ஆண்டு ஆகஸ்டு 6-ஆம் நாள் விடியற்காலையில் தீப்பற்றியது. சங்கிலியாற் பிணிக்கப்பட்டிருந்தமையால் ஓடித் தப்ப இயலாது 28 பேர் மாண்டனர். உச்சநீதிமன்றம் தானாகவே இதனை வழக்காக எடுத்துக்கொண்டது. அங்கிருந்த அத்தகைய இல்லங்கள் மூடப்பட்டன. சங்கிலியிடுதலை 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் அறவே விலக்கியது. அது முதியோர் இல்லம் அன்று. எனினும் அதன் படிப்பினை முதியோர்க்கும் உரியதே. அந்தச் சங்கிலி மறைவிடத்தில் இருந்த பொருள் அன்று. வருவோரும் போவோரும் கண்டனர். கண்டும், இவ்விடத்து வழக்கம் இதுவே என்று சென்றனர். ஆதலின், கண் இருத்தல் மட்டும் போதாது. எதனைக் காணவேண்டும் என்னும் அறிவும் வேண்டும்.

முதலாவது காணத்தக்கது பணியாளரை. திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தின் இறுதியில், நோயுற்றவன், மருத்துவன், மருந்து ஆகியவற்றோடு அருகிலிருந்து பணிவிடை செய்வோனையும் ஒரு கூறாக எண்ணினார். நாமோ மருத்துவர் பெயரைக் கேட்கிறோம்; இரவில் விழித்திருப்பவர் எத்தனை பேர் என்று கேட்பதில்லை. முத்துக் குளிப்போன் கடலுள் இறங்குங்கால் அவனுடைய உயிர், தோணியில் நின்று கயிறு பிடிப்பவன் கையில் இருந்தது. அக்கயிற்றைப் பிடிக்கத் தன் மைத்துனனையே நம்புவர் என்று இக்கரையில் ஒரு பேச்சும் உண்டு. இன்று நம் முதியோரின் கயிற்றை அயலார் கையிற் கொடுக்கிறோம். அவர் தொழில் பயின்றவரா, போதிய ஊதியம் பெறுகின்றாரா, பகல் முழுதும் உழைத்தவரே இரவிலும் காவல் இருக்கின்றாரா என்று வினவுதல் குற்றமாகாது.

இரண்டாவது, நடக்கமாட்டாத முதியவரின் உடலே இல்லத்தின் உண்மையான கணக்குப் புத்தகம். நடமாடுவோர் முன்கூடத்தில் அமர்ந்து நம்மை வரவேற்பர்; நாம் காணவேண்டியவர் பின்னறையிற் கிடப்பவர். அவர்க்குப் படுக்கைப்புண் உண்டா? புரட்டிப் படுக்க வைப்பார் இல்லாமையே பெரும்பாலும் அப்புண்ணுக்குக் காரணம். கையெட்டும் இடத்தில் குடிநீர் இருக்கிறதா? முதுமையில் தாகவுணர்ச்சி குன்றுமாதலின், தூத்துக்குடி வெயிலில் கேளாமலே நீர் கொடுக்கவேண்டும். குளியலறையிற் பிடித்துக்கொள்ளக் கம்பி உண்டா? எந்த மாத்திரை எவர்க்கு எப்போது கொடுக்கப்பட்டது என்பதற்குக் குறிப்பேடு உண்டா? எல்லோரும் நண்பகலிலும் உறங்கிக்கிடப்பரேல், அதனை அமைதியென்று மகிழற்க. மருத்துவக் காரணமின்றி அடக்கிவைத்தற்பொருட்டுத் தரப்படும் தூக்க மாத்திரையும் ஒருவகைச் சங்கிலியே.

மூன்றாவது, ஆபத்துக்காலம். 2023-ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18 ஆகிய நாட்களிற் பெய்த பெருமழையை நாம் மறக்கவில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் பெய்தது; தூத்துக்குடித் தெருக்களில் நாட்கணக்கில் நீர் நின்றது. அத்தகைய இரவில், தரைத்தளத்திற் படுத்திருப்போரை மேல்மாடிக்குத் தூக்கிச் செல்வார் யாவர்? ஜெனரேட்டர் எந்த உயரத்தில் இருக்கிறது? தீப்பற்றினால் திறக்கும் இரண்டாம் வாயில் எது. அதன் சாவி எவரிடம் உள்ளது? இவற்றிற்கு உடனே விடை சொல்லமாட்டாத இல்லம், எத்துணை அன்புடையதாயினும், பாதுகாப்புடையதன்று.

இனி, குடும்பத்தார் மட்டும் பார்த்து அறிவது போதுமா? போதாது. பெற்றோர், மூத்த குடிமக்கள் நலனுக்கென 2007-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டம், மாவட்டந்தோறும் வறிய முதியோர் 150 பேரேனும் தங்கத்தக்க இல்லம் அமைக்க இடந்தருகின்றது. இல்லங்களின் தரத்தை மாநில அரசு வகுக்கவும் வழி செய்கின்றது. ஆனால், நாள் குறித்து அறிவித்துவிட்டு வரும் அதிகாரிக்குத் தூய விரிப்புகளே காட்சியளிக்கும். அமெரிக்காவில் 1987-ஆம் ஆண்டின் சட்டம், அரசு நிதி பெறும் பராமரிப்பு இல்லங்களை முன்னறிவிப்பின்றிச் சோதிக்கவேண்டும் என்றது. வசதிக்காகவோ தண்டனையாகவோ முதியோரைக் கட்டிவைத்தலையும் விலக்கியது. இங்கிலாந்தில் 2009 முதற் பணியாற்றும் கண்காணிப்புக் குழு தன் முடிவுகளை யாவரும் படிக்க வெளியிடுகின்றது. நம் நாட்டிலும் சோதனை திடீரென நடைபெறுதல் வேண்டும். அதன் முடிவு எளிய தமிழில் இல்லத்தின் வாயிலிலேயே தொங்குதல் வேண்டும்.

இங்ஙனம் நெருக்கினால், தருமத்தால் நடைபெறும் ஏழை இல்லங்கள் மூடப்பட்டு, முதியோர் தெருவில் நிற்பரே என்பார் உளர். அஃது எளிதில் ஒதுக்கத்தக்க தடையன்று. எனினும், நாம் கூறியவற்றுட் பல பொருட்செலவில்லாதன. நீர் கொடுத்தற்கும், புரட்டிப் படுக்க வைத்தற்கும், குறிப்பேடு எழுதுதற்கும், சாவியை உரிய இடத்தில் மாட்டுதற்கும் வேண்டுவது பணமன்று, பொறுப்பே. பணம் வேண்டுவனவற்றிற்கு அரசும் ஊராரும் உதவட்டும். தருமம் என்னும் பெயர் குறையை மறைக்கும் போர்வை ஆகலாகாது. ஏழையின் தாய்க்கும் தோல் ஒன்றே, வலியும் ஒன்றே.

இறுதியாக, நம் மாணாக்கர்க்கு ஒரு விண்ணப்பம். கிறிஸ்துமஸ் காலத்தில் நாம் கூட்டமாகச் சென்று, கீதம் பாடி, கேக் பகிர்ந்து, படம் எடுத்துக்கொண்டு திரும்புகிறோம். அது நன்றே, ஆயினும் அந்நாளில் எந்த இல்லமும் நன்றாகவே தோன்றும். ஆண்டுக்கு ஒருமுறை ஐம்பது பேர் செல்வதினும், மாதந்தோறும் இருவர், உணவு வேளையில், அறிவிக்காமல் செல்வது மேல். பின்னறைக்குச் சென்று ஒருவர் அருகில் அரைமணி நேரம் அமர்ந்து அவர் சொல்வதைக் கேளுங்கள். குறை கண்டால் முதலில் நடத்துவோரிடமும், அவர் செவிகொடாவிடின் மாவட்டச் சமூகநல அலுவலரிடமும் உரைக்க அஞ்சாதீர்கள். நல்ல இல்லத்தார் நம் வரவை வெறார். எந்நேரமும் கதவைத் திறந்து காட்டுவர். அங்ஙனம் திறவாத கதவே, அவ்வில்லத்தைப் பற்றிய மதிப்பீட்டை நமக்குத் தெளிவாகக் கூறிவிடும்.