கூலியன்று, கிருபை

பால்மரம் சீவி, சேர்ந்த பாலை நிறுத்துக் கொடுத்து, அந்த நிறைக்கேற்பக் கூலி பெற்ற தோட்டத் தொழிலாளரின் சந்ததியார் பலர் வாழும் மலேசியாவின் பீடோரில், ஆண்டவனும் நம் புண்ணியங்களை அவ்வாறே நிறுத்துப் பார்த்து மோட்சம் அளிக்கிறான் என்ற எண்ணம் கிறிஸ்தவ இல்லங்களிலும் வேரூன்றியிருப்பதில் வியப்பில்லை. ஆயினும், இரட்சிப்பைக் குறித்துக் கிறிஸ்து மார்க்கம் போதிப்பது அதற்கு நேர்மாறானது. மனிதன் தன் பிரயத்தனத்தால் ஈட்ட இயலாததும், இயேசுவின் சிலுவை மரணத்தாலும் உயிர்த்தெழுதலாலும் இலவசமாக அருளப்படுவதும், விசுவாசத்தால் மட்டுமே பெறப்படுவதுமான கிருபையே அது.

இதனை அந்நியர் தத்துவம் என்று ஒதுக்குவோர் எச். ஏ. கிருஷ்ணபிள்ளையின் சரித்திரத்தை நோக்குவாராக. 1827-இல் நெல்லைச் சீமையில் வைணவக் குடும்பத்தில் பிறந்து, கம்பனில் தோய்ந்து, 1858-இல் ஞானஸ்நானம் பெற்ற அப்பெருங்கவிஞர், ஜான் பனியன் 1678-இல் வெளியிட்ட ஆங்கிலக் கதையைத் தழுவி, 1894-இல் ‘இரட்சணிய யாத்திரிகம்’ என்னும் காவியத்தைத் தமிழுக்கு அளித்தார். ஜீவனுடைய முயற்சியை எதிர்பாராது பகவான் தானே முன்வந்து காப்பான் என்று வைணவத் தென்கலை ஆசாரியர்கள் உபதேசித்த மரபை அறிந்த தமிழர்க்குக் கிருபை புதிதன்று. அதனைச் சரித்திரத்தில் நிகழ்ந்த ஒரு சிலுவை மரணத்தோடு பிணைப்பதே கிறிஸ்தவத்தின் தனித்தன்மை.

பனியனின் யாத்திரிகனுக்குப் பாவச்சுமை கழன்று விழுவது மோட்ச நகரத்தின் வாயிலில் அன்று. பாதையின் முற்பகுதியிலேயே, சிலுவையடியில். மாயச் சந்தையும், சந்தேகக் கோட்டையும், மரண நதியும் அதற்குப் பின்னரே வருகின்றன. நற்கிரியைகள் மன்னிப்புக்குக் கொடுக்கும் விலையல்ல, மன்னிக்கப்பட்டவன் நடக்கும் நடை என்பதற்கு இதனினும் தெளிவான விளக்கத்தை நான் கண்டதில்லை. இது குறித்து நூற்றாண்டுகளாகப் பிணங்கியிருந்த கத்தோலிக்கரும் லுத்தரன்களும், 1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க் நகரில், இரட்சிப்பு கிருபையாலேயே என்று ஒருங்கே கையொப்பமிட்டனர். மெதடிஸ்ட் சபையாரும் 2006-இல் அதில் இணைந்தனர்.

அவ்வாறிருக்க, இரட்சிக்கப்பட்டவன் கடன் தீர்ந்து, நோய் நீங்கி, செல்வனாவான் என்று மேடைதோறும் முழங்குவது, வாயில் வழியாகத் துரத்தப்பட்ட கூலிக் கணக்கைக் கொல்லைப்புறமாக உள்ளே விடுவதாகும். தோட்டம் துண்டாடப்பட்டு வேலையும் வீடும் இழந்த விசுவாசியைப் பார்த்து, உன் விசுவாசம் போதவில்லை என்று சொல்வதினும் கொடிய போதனை வேறில்லை.

பீடோர், தாப்பா வட்டாரத்துத் தமிழ்ச் சபைகளின் போதகர்களே, கிருஷ்ணபிள்ளையின் காவியத்தை உங்கள் ஞாயிறு பள்ளிகளில் வாசிக்கச் செய்யுங்கள். இரட்சிப்பு இலவசம் என்பதை ஏழைகள் அஞ்சாமல் நம்பும்படி பிரசங்கியுங்கள்.