மலிவு பிரஷ், நட்டக் கணக்கு

பெருநாள் நெருங்கினால் வீட்டுக்குப் பெயின்ட் பூசும் யோசனையும் வந்துவிடும். 2022 பொருளாதார நெருக்கடியில் விலைகளும் கூலியும் ஏறிய பின்னர், பாஸ்மாரை அழைக்காமல் தாமே பூசுவோர் பலர். நல்ல விடயம்தான். ஆனால் விலைகூடிய பெயின்டை வாங்கிவிட்டு பிரஷ்ஷில் மிச்சம் பிடிப்பது நட்டக் கணக்கு. உதிரும் மயிர் சுவரில் ஒட்டினால் மீண்டும் தேய்த்துப் பூச வேண்டும்.

முதலில் சுவரைத் தேய்த்துத் தூசியைத் துடையுங்கள். ஓரங்களுக்கு மாஸ்கிங் டேப் ஒட்டி, கடைசிப் பூச்சு முற்றாகக் காயுமுன் மெதுவாகக் கழற்றுங்கள். தடித்த ஒரு பூச்சைவிட மெல்லிய இரண்டு மேல். இடைவேளையில் ரோலரைப் பொலித்தீன் பையால் இறுகச் சுற்றிவையுங்கள், காயாது.

ஈரச் சுவருக்கு மட்டும் அவசரப்படாதீர்கள். அது உரிந்து விழுவது பெயின்ட் அல்ல, உங்கள் காசு.