நெடுஞ்சாலையில் லாரி ஓட்டுநரின் பொறுப்பு

தானியமும் உப்பும் உரமும் சிமெண்டும் நாடெங்கும் சென்று சேர்வது லாரி ஓட்டுநரின் உழைப்பினால் என்பது யாவரும் அறிந்ததே. ஆயினும் அத்தொழிலுக்குரிய பொறுப்பு இன்னதென்பது பற்றி நம்மிடையே தெளிவான கருத்து நிலவவில்லை. விரைந்து ஓட்டுபவரையும், இரவு முழுதும் கண் விழித்து ஓட்டுபவரையும் ‘கைதேர்ந்தவர்’ என்று பாராட்டுகிறோம். இப்பாராட்டு தவறானது. இயற்கை விதிகளின் முன் கைத்திறன் செல்லாது. அவ்விதிகளை உணர்ந்து அவற்றுக்கு அடங்கி ஓட்டுவதே தொழில் ஓட்டுநரின் முதற் கடமையாகும்.

2022-ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் மாண்டனர். நாட்டின் சாலை நீளத்தில் தேசிய நெடுஞ்சாலைகள் நூற்றுக்கு ஏறத்தாழ 2 பங்கேயாம். மாண்டோரில் நூற்றுக்கு 36 பேர் அவற்றிலேயே உயிர் துறந்தனர். அவ்வாண்டில் இறந்தோருள் பெரும்பாலோர் இருசக்கர வண்டியில் சென்றவர்களும் கால்நடையாகச் சென்றவர்களுமே. இவ்விபத்துகள் அனைத்துக்கும் லாரிகளே காரணம் என்று கூறுதல் நேர்மையன்று. ஆனால் லாரியோடு மோதுமிடத்து, தவறு எவருடையதாயினும், உயிரிழப்பவர் பெரும்பாலும் எளிய வண்டியில் இருப்பவரே. வலிமை மிக்கவனுக்கே எச்சரிக்கையும் மிகுதியாக வேண்டும்.

ஓடும் வண்டியின் ஆற்றல் அதன் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. வேகம் மணிக்கு 40 கிலோமீட்டரிலிருந்து 80 ஆக உயர்ந்தால், பிரேக் தாங்க வேண்டிய ஆற்றல் நான்கு மடங்காகிறது. மலைச்சரிவில் இவ்வுண்மை இன்னும் கடுமையாக வெளிப்படும். 100 மீட்டர் உயரம் இறங்கும் வண்டியைத் தடையின்றி விட்டால், உராய்வை நீக்கிக் கணக்கிடுமிடத்து, அது மணிக்கு ஏறத்தாழ 160 கிலோமீட்டர் வேகத்தை எய்தும். அவ்வாற்றல் முழுவதையும் பிரேக்கே ஏற்குமாயின் அதன் டிரம் கொதித்துப் பிடிப்பை இழக்கும். ஏற்றிய பாரம் மிகுந்தால் வெப்பமும் மிகும். ஆதலால் கீழ்க் கியரில் இறங்கி, எஞ்சினே வண்டியைத் தாங்குமாறு செய்தல் வேண்டும். மும்பை–புனே வழியிலுள்ள கண்டாலா மலைச்சரிவு, தருமபுரியை அடுத்த தொப்பூர்க் கணவாய் போன்ற இடங்களில் சிறிது டீசலை மிச்சப்படுத்த எண்ணி நியூட்ரலில் இறங்குபவர், அத்தாங்குதலை முற்றிலும் கைவிடுகிறார்.

வேகத்தினும் கொடிய பகை தூக்கமின்மை. பதினேழு மணி நேரம் விழித்திருப்பவரின் செயல்திறன், 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 50 மில்லிகிராம் மதுசாரம் உள்ளவரின் செயல்திறனை ஒத்திருப்பதாக ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர் 1997-இல் கண்டறிந்தனர். நம் நாட்டுச் சட்டம் அனுமதிக்கும் எல்லை 30 மில்லிகிராமே. குடித்தவரைக் கருவி காட்டிக் கொடுக்கும். உறங்காதவரைக் காட்டிக் கொடுக்கும் கருவி சாலையில் இல்லை. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் மூன்று வினாடி கண்ணயர்ந்தால், வண்டி 50 மீட்டர் தூரம் ஓட்டுவாரின்றி ஓடுகிறது. பின்னிரவு இரண்டு மணி முதல் ஐந்து மணி வரை உடல் இயல்பாகவே உறக்கத்தை நாடும். தேநீரும் பாட்டும் அதைச் சிறிது தள்ளிப் போடுமேயன்றி நீக்கமாட்டா.

நின்றுவிட்ட வண்டியும் ஆபத்தானதே. விளக்கின்றிச் சாலையோரம் நிறுத்திய லாரி, பழுது பார்த்தபின் அகற்றாது விட்ட சக்கரக் கல், மண் படிந்து மறைந்த பிரதிபலிப்புப் பட்டை ஆகிய இவை இருளில் பின்னே வருவோருக்கு எமனாகின்றன. இவற்றைத் தவிர்ப்பதற்குப் பணம் வேண்டுவதில்லை. கருத்து ஒன்றே போதும்.

“ஓட்டுநர் கூலியாள், குறித்த நேரத்தில் சரக்கைச் சேர்க்காவிடில் பிழைப்புப் போய்விடுமே” என்பர் சிலர். இதில் உண்மை உண்டு. 1961-ஆம் ஆண்டு மோட்டார்ப் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் பொதுவாக நாளொன்றுக்கு 8 மணி வேலையும், தொடர்ந்து 5 மணிக்கு மேற்படாமல் வேலை செய்தபின் அரைமணி ஓய்வும் விதித்தது. அவ்விதி பெரும்பாலும் ஏட்டளவில் நின்றமைக்கு வண்டியின் உரிமையாளரும் சரக்கு அனுப்புவோருமே முதற் பொறுப்பாளிகள். இயலாத நேரத்தைக் குறித்துக் கொடுப்பவர் விபத்தில் பங்காளியாகிறார். எனினும் பின்னிரவில் இமை கனக்கும்போது வண்டியில் இருப்பவர் உரிமையாளர் அல்லர். அந்நேரத்தில் வண்டியை ஓரங்கட்டி உறங்கும் உரிமை ஓட்டுநருக்கு இருத்தல் வேண்டும். அவர் அதைப் பயன்படுத்துதலும் வேண்டும்.

இதில் நமக்கும் பணி உண்டு. விளைபொருளும் இடுபொருளும் ஏற்றுமிடங்களில் பணிபுரியும் கள ஊழியர்கள், லாரி சேர வேண்டிய நேரத்தைக் குறிக்குமுன் ஓட்டுநரின் உறக்கத்துக்கும் இடம் விட்டுக் கணக்கிடலாம். ஆசிரியர்கள் இயக்க ஆற்றலைக் கற்பிக்கும்போது, கரும்பலகையில் பந்துக்குப் பதிலாகப் பாரம் ஏற்றிய லாரியை வரையலாம். அவ்வகுப்பில் அமர்ந்திருக்கும் சிறுவருள் சிலர் நாளை அந்த லாரியை ஓட்டப் போகிறவர்கள். மற்றவர்கள் அதே சாலையில் நடக்கப் போகிறவர்கள்.