ஸ்பொன்சர் என்பவர் யார்?



‘ஸ்பொன்சர்’ என்றதும் நம்மில் பலருக்கு ஞாபகம் வருவது கபீல்தான். றியாதும் குவைத்தும், விஸாக் கடுதாசியும், பாஸ்போட்டைத் திருப்பித் தருவாரோ மாட்டாரோ என்ற பயமும் சேர்ந்த சொல் அது. நம் பிள்ளைகளின் வாயில் இன்று அது வேறு பொருளில் புழங்குகிறது. மோட்டார் சைக்கிள் ஓட்டப் போட்டிக்கும் கார்ப் பந்தயத்துக்கும் காசு போடுகிற கொம்பனிக்கும் ஸ்பொன்சர் என்றே பெயர். வானொலியில் அனுசரணையாளர் என்பார்கள். அரபுப் பத்திரிகைகளில் இவருக்கு ‘ராஈ’ என்று பெயர். ராஈ என்றால் மேய்ப்பவர். கபீல் பிணை நிற்பவர். ராஈ பார்த்துப் பராமரிப்பவர். இந்த இரண்டாவது ஆளைத் தேடித்தான் பந்தயத்தில் இறங்கிய இளைஞர்கள் அலைகிறார்கள்.

மடவளைப் பக்கத்துத் தாய் ஒருவர் சென்ற மாதம் எங்கள் வீட்டுக்கு வந்து என் மனைவியிடம் நெடுநேரம் பேசிவிட்டுப் போனார். மகன் கராஜ் ஒன்றில் வேலை. மண் தரையில் நடக்கும் மோட்டோகுரொஸ் போட்டிகளில் இரண்டு மூன்று கிண்ணம் எடுத்தவன். யாரோ ஒருவர், “முதலில் ஒன்றரை இலட்சம் கட்டு, பெரிய கொம்பனி ஒன்றின் ஸ்பொன்சரை எடுத்துத் தருகிறேன்” என்றிருக்கிறார். காப்பு இரண்டை அடகு வைக்கலாமா என்பதே அந்தத் தாயின் கேள்வி.

வைக்க வேண்டாம் என்று சொல்லியனுப்பினேன். ஸ்பொன்சர் காசு தருகிறவர். காசு கேட்கிறவருக்கு வேறு பெயர் இருக்கிறது. ஆனாலும் அந்தப் பையனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒரு பந்து வாங்கினால் தெருவே விளையாடலாம். வாகனப் பந்தயம் அப்படியல்ல. டயர், எண்ணெய், தலைக்கவசம், உதிரிப்பாகம் என்று ஒவ்வொரு ஓட்டமும் காசைத் தின்னும். போர்முலா வன் போட்டியில் செலவு கைமீறிப் போய்விட்டதென்று 2021இல் ஓர் அணியின் வருடச் செலவுக்கு 14½ கோடி டொலர் என எல்லை வைத்தார்கள். கட்டுப்படுத்திய பிறகு வந்த தொகை இது! அதிலும் ஓட்டுநரின் சம்பளம் சேரவில்லை.

ஷாபிஈ பிக்ஹ் கிதாபுகளில் முஸாபகா என்றொரு பாடம் உண்டு. குதிரையும் ஒட்டகமும் அம்பும் இந்தக் காலத்தில் எதற்கு என்று ஓதும் மாணவர்கள் சலித்துக்கொள்வார்கள். போட்டியிடும் இருவரும் தத்தம் காசை வைத்து, வென்றவன் இரண்டையும் எடுத்தால் அது சூது. ஆட்சியாளரோ போட்டியில் சேராத வெளியாளோ பரிசு கொடுத்தால் ஆகும். இதை மோட்டார் வாகனத்துக்கு நீட்டலாமா என்பதில் உலமாக்களிடம் கருத்து வேற்றுமை இருக்கிறது. அது வேறு பேச்சு. அந்த வெளியாள்தான் இன்றைய ஸ்பொன்சர் என்று சொல்லிக்கொடுத்தால் மாணவர்கள் நிமிர்ந்து உட்காருகிறார்கள்.

நல்ல ஸ்பொன்சருக்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். இங்கிலாந்தின் பிராங்க் வில்லியம்ஸ் பிற்காலத்தில் உலகப் புகழ்பெற்ற அணித் தலைவர். ஆனால் 1970களில், கட்டணம் கட்டாமல் தொலைபேசி துண்டிக்கப்பட்டு, தெருவோரப் பொதுத் தொலைபேசிக் கூண்டிலிருந்து வியாபாரம் பேசியவர் அவர். 1978இல் சவூதி அரேபிய விமான சேவையான ஸவூதியா அவருடைய காரில் தன் பெயரை எழுதக் காசு கொடுத்தது. அடுத்த வருடம் ஜூலை 14, சில்வர்ஸ்டன் திடலில் அந்த அணிக்கு முதல் வெற்றி. ஓட்டியவர் சுவிட்ஸர்லாந்தின் கிளே ரெகஸோனி. வென்றவர்கள் ஷாம்பேன் மதுப் போத்தலை உடைத்துக் குடித்துக் கூத்தடிக்கும் மேடை அது. ரெகஸோனியோ தோடம்பழச் சாறு குடித்தார். காசு தந்தவர்களின் மார்க்கத்துக்கு மரியாதை. 1980இல் அதே அணியின் அலன் ஜோன்ஸ் உலக சம்பியனானார்.

அந்த அணிக்குத் துணை நின்ற அரபுக் குடும்பமொன்றின் மகன் மன்ஸூர் ஒஜ்ஜே. பின்பு மக்லாரன் அணிக்கு மாறி, போர்ஷே நிறுவனம் செய்த இயந்திரத்துக்குத் தன் கையால் செலவழித்தார். 1984, 85, 86 மூன்று வருடமும் ஓட்டுநர் சம்பியன் பட்டம் அந்த இயந்திரம் பூட்டிய காரை ஓட்டியவருக்கே. 2021இல் அவர் மௌத்தாகும் வரையில் அந்த அணியின் பங்காளியாகவே இருந்தார். இதெல்லாம் ஸதகா அல்ல, வியாபாரம்தான். பெயரை விற்றார்கள், பெயரை வாங்கினார்கள். ஆனால் வாங்கியவர் தோல்வியிலும் கூட நின்றார்.

எதிர்ப்பக்கமும் உண்டு. கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் 2005இல் போர்முலா வன்னில் ஓடிய முதல் இந்தியர். 2011இல் ஹிஸ்பானியா என்ற சிறிய அணியில் டாட்டா கொம்பனியின் ஆதரவோடு மீண்டும் ஆசனம் பிடித்தார். வருடத்தின் நடுவில் ரெட் புல் கொம்பனி தன் இளம் ஓட்டுநர் டானியல் ரிக்கியார்டோவுக்காகக் காசு கட்டியதும், நரேன் ஆசனத்தை விட்டு இறங்க வேண்டியதாயிற்று. அக்டோபர் 30ஆம் திகதி இந்தியாவிலேயே போட்டி நடந்தபோது மறுபடி ஏற்றிக்கொண்டார்கள். ரிக்கியார்டோ திறமைசாலி, அதை மறுக்க முடியாது. என்றாலும் ஆசனம் கை மாறியதை மணிக்கூடு தீர்மானிக்கவில்லை, காசோலை தீர்மானித்தது. நரேனுக்கே இப்படியென்றால் கட்டுகஸ்தோட்டைக் கராஜில் நிற்கும் பையனுக்கு எப்படியிருக்கும்?

பொய்யான ஸ்பொன்சரிடம் பெரிய இடத்து ஆட்களும் ஏமாறுகிறார்கள். 2019இல் அமெரிக்காவின் ஹாஸ் அணி ‘ரிச் எனர்ஜி’ என்ற பானத்தின் பெயரைக் காரில் போட்டுக்கொண்டது. அந்தப் பானத்தைக் கடைகளில் தேடிக் களைத்த பத்திரிகையாளர்கள் ஆரம்பத்திலேயே சந்தேகத்தை எழுதினார்கள். மே மாதம், அதன் மான்தலைச் சின்னம் சைக்கிள் கொம்பனி ஒன்றினுடையதைப் பார்த்துச் செய்தது என்று லண்டன் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. செப்டெம்பரில் உறவே முறிந்தது. அச்சடித்த அட்டையையும் பளபளக்கும் காரையும் கண்டு மயங்குவது கண்டியில் மட்டும் நடப்பதல்ல.

பொய்யில்லாத காசு இன்னொன்று இருக்கிறது, எனக்கு அதுதான் கூடுதல் கவலை. 1968இல் லோட்டஸ் அணியின் கார் கோல்ட் லீஃப் சிகரெட் பெட்டியின் நிறத்தில் ஓடியது. அதற்குப் பிறகு பல வருடங்கள் அந்த விளையாட்டே புகையிலைக் காசில்தான் நடந்தது. நாமும் விலகி நிற்கவில்லை: 1996 மார்ச் 17இல் லாஹூரில் அர்ஜுன ரணதுங்க தூக்கிய கிண்ணத்துக்கு வில்ஸ் சிகரெட்டின் பெயர். 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் வந்து, புகையிலையும் மதுவும் விளையாட்டுக்கு அனுசரணை தருவதை நம் நாட்டில் தடுத்தது. இப்போது சூதாட்டக் கொம்பனிகள் செய்தித் தளம் என்று பெயரை மாற்றிக்கொண்டு விளையாட்டு வீரரின் சட்டையில் ஏறப் பார்க்கின்றன. அந்தக் காசு நிஜமாகவே வங்கிக்கு வரும். மகன் சந்தோஷமாகக் காட்டுவான். அந்த நேரத்தில் சட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்று வாசிக்க வேண்டியவர் உம்மா.

மேய்ப்பவர் என்றேனே, அதற்கு இன்னொரு பக்கம். 2024 ஏப்ரல் 21ஆம் திகதி தியத்தலாவை பொக்ஸ்ஹில் போட்டியில் ஒரு கார் ஓடுபாதையை விட்டு விலகி, நின்றவர்கள் மேல் பாய்ந்தது. 7 பேர் உயிரிழந்தார்கள். அதில் ஒன்று 8 வயதுக் குழந்தை. இன்னாலில்லாஹி. விளம்பரப் பலகைக்குக் காசு கொடுக்கிறவர், பார்க்க வந்த சனத்துக்கும் பாதைக்கும் நடுவில் என்ன தடுப்பு இருக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்டால் ஏற்பாட்டாளர்கள் காது கொடுப்பார்கள். பார்வையாளர் கேட்டால் அவ்வளவு எளிதில் கேட்கமாட்டார்கள். ஏப்ரலில் மஹகஸ்தோட்டை மலையேற்றப் போட்டி பார்க்கக் கம்பளை, றம்பொடை வழியாக நுவரெலியாவுக்கு ஏறுகிற நம் குடும்பங்கள் எத்தனை!

மகன்மார் பிடிவாதமாக இருந்தால் தாய்மார் செய்யக்கூடியது இது. பெரிய கொம்பனியைத் துரத்தாமல், அவன் வேலை செய்யும் கராஜ், டயர் கடை, உதிரிப்பாகம் விற்கும் வியாபாரி என்று தெரிந்த முகங்களிடம் முதலில் போகச் சொல்லுங்கள். காசாகக் கேட்காமல் இரண்டு டயராகக் கேட்டால் பலர் இல்லையென்று சொல்வதில்லை. எந்தெந்தப் போட்டியில் ஓடினான், எத்தனையாவது வந்தான், எத்தனை பேர் பார்க்க வந்தார்கள் என்பதை ஒரு பக்கத்தில் எழுதிக் கையில் கொடுக்கட்டும். ஸ்பொன்சர் எடுத்துத் தருவதாக எவராவது வந்தால், அந்தக் கொம்பனிக்கே நேரில் போய், இவர் உங்கள் ஆளா என்று விசாரியுங்கள். இலங்கைப் பந்தய ஓட்டுநர் சங்கத்திலும் கேட்கலாம். ஒப்பந்தம் எழுத்தில் வந்தால், தொகையைப் பார்ப்பதற்கு முன் ஒரு வரியைத் தேடுங்கள்: விழுந்து காலை முறித்துக்கொண்டு கண்டி ஆஸ்பத்திரியில் கிடந்தால் வைத்தியச் செலவு யாருடையது, ஓட முடியாத அந்த ஆறு மாதமும் ஒப்பந்தம் நிற்குமா, முறியுமா?